ஜன்னலுக்குப் பின்னால் கேட்ட பாடம்

அத்தியாயம் 9

அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பெரியவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை.

பெட்டி என்றால் அப்படியொன்றும் பெரிய பெட்டி இல்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் இரண்டு பேர் தூக்கிவிடலாம். மேல்பக்கம் மூடி, முன்பக்கம் எண்கள் மின்னும் சின்னப் பலகை. காரிலும் வேனிலும் வைத்துக்கொண்டு போகிற ஃபிரிட்ஜ். அதற்குக் கரண்ட் கொடுக்க இன்னொரு பெட்டியும் கூடவே வந்தது. பார்வைக்கு ரேடியோ மாதிரி, தூக்கிப் பார்த்தால் சிமென்ட் மூட்டை மாதிரி. பேட்டரிப் பெட்டி.

போன வாரம் கணவர் இரண்டையும் லோடு வண்டியிலிருந்து இறக்கியபோது, தனக்குத்தான் என்று நினைத்து ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள் பெரியவள். அவர் நிமிர்ந்து பார்த்து, "சின்னவ எங்கே? கூப்பிடு" என்றார்.

அவ்வளவுதான். அன்றைக்கு உள்ளே போனவள் அந்தப் பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தொடவில்லையே தவிர, அதைப் பற்றிய பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை.

அவள் கணவர் ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக். அவருடைய தம்பி, சின்னவளின் கணவர், கப்பலில் எலக்ட்ரீஷியன்; வீட்டில் இருப்பதைவிடக் கடலில் இருப்பதுதான் அதிகம். வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். மாமனார் மாமியார் பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர்கள் போன பிறகும் அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன.

க்ரீம் செய்வது பெரியவள். எலுமிச்சை க்ரீம். கப்பின் அடியில் பிஸ்கட் தூள், மேலே வெண்மையாக, ஸ்பூனை வைத்தால் அப்படியே நிற்கும். "அக்கா, இதை நாலு பேருக்கு வித்துப் பாக்கட்டுமா?" என்று விளையாட்டாக ஆரம்பித்தவள் சின்னவள். பழைய வேன் ஒன்றை வாங்கினாள், மஞ்சள் பெயின்ட் அடித்தாள், விடுமுறை நாட்களில் பூங்கா வாசலில் நிறுத்தினாள். இப்போது ஊரில் அதற்குப் பெயர் எலுமிச்சை க்ரீம் இல்லை. வேன்காரப் பொண்ணு க்ரீம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாமல் போனது அந்தச் சாயங்காலங்கள்தான்.

பின்பக்க ஷெட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கணவர் சின்னவளுக்குப் பாடம் எடுத்தார். சமையலறை ஜன்னல் ஷெட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருக்கிற மனிதர், அங்கே மணிக்கணக்காகப் பேசினார்.

"பாரும்மா. பேட்டரிக்குள்ள இருக்கிற கரண்ட் வேற, வீட்டு பிளக்ல வர்ற கரண்ட் வேற. இந்த மூணு துளை பிளக்ல சொருகினா, உள்ள இருக்கிற இன்வெர்ட்டர் அதை மாத்திக் குடுக்கணும். ஃபிரிட்ஜ் அதை வாங்கித் திரும்பவும் பழையபடி மாத்திக்கணும். இந்த மாத்தற வேலைக்கே கரண்ட் வீணாப் போகும். அதனால இந்த வட்டத் துளை இருக்கு பாரு, கார்ல இருக்கிற மாதிரி, இதுல நேரா சொருகிடு. இந்த மூணு துளை பிளக்குக்கு ஏசின்னு ஒரு பட்டன் இருக்கு, அதை அணைச்சே வை. சும்மா இருந்தாலும் அது தின்னுக்கிட்டே இருக்கும்."

"ம்" என்பாள் சின்னவள். நடுவில் போன் வரும். எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்து, "எங்க விட்டீங்க அத்தான்?" என்பாள். அவரும் சலிக்காமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டு பெரியவள் நிற்பாள். தண்ணீர்ச் சத்தம் குறுக்கே வந்தால் குழாயை மூடிவிடுவாள்.

ஒருநாள் சின்னவள் என்னவோ சொல்ல, அவர் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று பெரியவள் யோசித்தபோது கையிலிருந்த தட்டு நழுவிக் கீழே விழுந்தது. அது சுழன்று சுழன்று அடங்குவதற்குள் அவர் சொன்ன ஏதோ ஒன்று அவள் காதில் விழாமல் போயிற்று. அது ஒன்றுதான் விட்டுப்போனது. மற்றதெல்லாம் வரி பிசகாமல் மனப்பாடம்.

ஊருக்கெல்லாம் ஃபிரிட்ஜ் சரிசெய்கிறவரின் வீட்டு ஃபிரிட்ஜ், கதவு ரப்பர் கிழிந்து, ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்தால்தான் மூடும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் இன்றைக்குப் பொழுது விடிந்தது.

* * *

ஏரிக்கரைப் படகு கிளப்பில் இன்று போட்டி. துடுப்பு போடுகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் க்ரீம் கப் கொடுக்கச் சொல்லி சின்னவளுக்கு ஆர்டர் வந்திருந்தது. கரையில் ஒரு பிளக் பாயின்ட் கிடையாது. பெட்டி வந்ததே இதற்காகத்தான். மெக்கானிக்கும் கூடப் போவதாக ஏற்பாடு.

பெரியவள் விடியும்போதே எழுந்து க்ரீம் அடித்து, கப்புகளில் நிரப்பி முடித்திருந்தாள். அப்போதுதான் கணவரின் போன் அடித்தது. பழக் கிடங்கில் குளிர் அறை நின்றுவிட்டதாம். உள்ளே லாரி லாரியாகச் சரக்கு.

சட்டையை மாட்டிக்கொண்டே சமையலறைக்கு வந்தார். "நான் கிடங்குக்குப் போயே ஆகணும். நீ அவகூடப் போ."

"நான் எதுக்கு? உங்க மாணவிக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"அவ சின்னப் பொண்ணு. கூட்டம் வந்தா தனியாத் திணறுவா."

"நான் ஒண்டியா நின்னு இத்தனையும் பண்ணினப்ப, நான் திணறுவேன்னு யாரும் சொல்லலை."

அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா இல்லையா தெரியவில்லை. "இன்னிக்கு நல்லபடியா நடந்தா கிளப்புல நிரந்தரமா ஒரு கடை போட இடம் குடுக்கறாங்களாம். பாழாயிடக் கூடாது. போயிட்டு வா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

அவள் கப்புகளைத் தட்டுகளில் அடுக்கினாள். நல்லபடியாக நடந்தால் யாருக்குக் கடை? அதை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

வாசலில் சின்னவள் வேனின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தாள். மஞ்சள் வேனுக்குப் பொருத்தமாகத் தலையில் மஞ்சள் கைக்குட்டை. "அக்கா, நீங்களும் வர்றீங்களாமே. எனக்கு உயிரே வந்துச்சு" என்றாள்.

பெரியவள் ஃபிரிட்ஜின் மூடியைத் தூக்கினாள். உள்ளே கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

'ராத்திரியே வீட்டுக் கரண்ட்ல போட்டு உள்ளே நல்லாக் குளிரவெச்சிடணும்மா. சூடான பெட்டியைக் குளிரவைக்கவே பேட்டரி பாதி காலியாயிடும். குளிர்ந்த பெட்டியைக் குளிரா வெச்சிருக்க அவ்வளவு வேணாம்.' ஷெட்டில் அவர் சொன்னது, குரலோடு அப்படியே நினைவுக்கு வந்தது.

"இதை நேத்தே போட்டு வைக்கலையா?" என்று வாய் வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து சின்னவள் பட்டனைத் தட்டிவிட்டு, "இப்ப ஆன் பண்ணிட்டேன்க்கா, போறதுக்குள்ள ஜில்லுன்னு ஆயிடும். எல்லாம் அத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றாள்.

பெரியவள் வாயை மூடிக்கொண்டாள். அத்தான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாரே. இவள் எதற்கு நடுவில்?

கப்புகளை அடுக்கிவிட்டு நிமிரும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஃபிரிட்ஜிலிருந்து போன கம்பி வட்டத் துளைக்குப் போகவில்லை. மூன்று துளை பிளக்கில் போய்ச் சொருகியிருந்தது.

"அந்தச் சின்னக் கம்பி எட்டவே இல்லைக்கா. இது நீளம், வசதியா இருக்கு" என்றாள் சின்னவள், கேட்காமலேயே.

"அப்படியா" என்றாள் பெரியவள்.

* * *

வேன் கிளம்பியது. வழியெல்லாம் சின்னவளின் வாய் ஓயவில்லை.

"அத்தான் ஒரு விஷயத்தைச் சொல்ற விதம் இருக்கே, சின்னக் குழந்தைக்கும் புரியும். எங்க வீட்டுக்காரர் இருக்காரே, கப்பல்ல பெரிய எலக்ட்ரீஷியன்னு பேரு, ஒரு ஃபியூஸ் பத்திக் கேட்டாக்கூட எரிஞ்சு விழுவார். நீங்க குடுத்துவெச்சவங்க அக்கா."

பெரியவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "எனக்கு அவர் எதையும் சொல்லிக் குடுத்ததில்லை."

"நீங்க கேட்டதில்லையா?"

சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். ஆனால் சுருக்கென்று தைத்தது. கேட்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில், மிக்ஸி ஓடாமல் நின்றபோது, எப்படிக் கழற்றுவது என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். "உனக்கெதுக்கு இதெல்லாம், தள்ளிப் போ" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. சின்னவளுக்கு மட்டும் தள்ளிப் போ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பின்னால் பேட்டரிப் பெட்டியின் மின்விசிறி உஸ்ஸென்று இரைந்துகொண்டே வந்தது. நேராகக் கம்பியைச் சொருகினால் இந்தச் சத்தமே வராது என்பது அவளுக்குத் தெரியும்.

ஏரிக்கரை களைகட்டியிருந்தது. தண்ணீருக்கு மேலே நீளமான படகுகள், கரையில் கூடாரங்கள், ஒலிபெருக்கியில் யாரோ பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் விசில் தொங்க, கிளப்பின் செயலாளர் அம்மா வேகவேகமாக வந்து இடத்தைக் காட்டினார். மரநிழல் ஒரு பக்கமும் வெயில் ஒரு பக்கமுமாக இருந்த இடம். வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று சின்னவள் வெயில் பக்கமாகவே வேனை நிறுத்தினாள். பின்கதவைத் திறந்து, ஃபிரிட்ஜை விளிம்புக்கு இழுத்தாள். அதன் முதுகுப் பக்கம், காற்று போகிற கம்பி வலைமேல், பேப்பர் கப் மூட்டை சாய்ந்து கிடந்தது.

அதோடு விடவில்லை. வேனைச் சுற்றி அலங்கார விளக்குச் சரத்தைக் கட்டி, அதையும் பேட்டரிப் பெட்டியில் சொருகினாள். தன் போனையும் சொருகினாள். பட்டப்பகலில் அந்த விளக்குகள் எரிவது யாருக்கும் தெரியவில்லை. பேட்டரிக்கு மட்டும் தெரிந்தது.

முதல் போட்டி முடிந்ததும் கூட்டம் வந்தது. "வேன்காரப் பொண்ணு வந்திருக்கு" என்று ஒரு அம்மா தன் பிள்ளையிடம் சொன்னது பெரியவள் காதில் விழுந்தது. ஒவ்வொருவர் வரும்போதும் சின்னவள் மூடியைத் திறந்து, "எந்தக் கப் வேணும், பாருங்க" என்று காட்டி, அவர்கள் யோசித்து முடிக்கும் வரை திறந்தே பிடித்துக்கொண்டு, ஒரு கப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு மூடினாள். அடுத்தவர் வந்ததும் மறுபடி திறந்தாள்.

"நீயே செய்யறதாம்மா? கை மணம் அப்படியே இருக்கு" என்றார் ஒரு பெரியவர்.

"ஆமா தாத்தா, வீட்டுல செய்யறதுதான்" என்றாள் சின்னவள். பொய்யில்லை. ஆனால் பக்கத்திலேயே ஒருத்தி ஸ்பூன் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாளே, அவளைக் கண்ணால்கூடக் காட்டவில்லை.

பெரியவள் பேட்டரிப் பெட்டியின் பலகையைப் பார்த்தாள். கிளம்பும்போது நூறு. இப்போது ஐம்பதைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. இன்னும் இறுதிப் போட்டியே தொடங்கவில்லை.

* * *

சின்னவள் கவனிப்பதற்குள் பேட்டரி முப்பதைத் தொட்டிருந்தது.

"அக்கா, என்ன இது, இப்படி விழுது? ஃபிரிட்ஜும் குளிரவே மாட்டேங்குது. பதினோரு டிகிரி காட்டுது." பதறிப்போய் ஃபிரிட்ஜின் பட்டனை அழுத்தி அழுத்தி, எண்ணைப் பூஜ்யத்துக்கும் கீழே கொண்டுபோனாள். "ரொம்பக் குறைச்சு வெச்சா சீக்கிரம் குளிருமில்ல?"

பெரியவள் ஸ்பூன்களை அடுக்கத் தொடங்கினாள்.

சின்னவள் போனைப் பிடுங்கி, கூட்டத்தை விட்டு நகர்ந்து, மெக்கானிக்கை அழைத்தாள். மறுபடி அழைத்தாள். குளிர் அறைக்குள் இருக்கிறவருக்கு மணி அடிப்பது எங்கே கேட்கப்போகிறது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பெரியவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவள் மனசுக்குள் அந்தக் காட்சி ஓடியது. க்ரீம் எல்லாம் உருகி வழிகிறது. செயலாளர் அம்மா முகத்தைச் சுளிக்கிறார். சாயங்காலம் கணவர் வருகிறார். அத்தனை நாள் ஷெட்டில் உட்கார்ந்து சொன்னது எதுவும் இந்தப் பெண்ணின் தலையில் ஏறவில்லை என்று அவருக்குத் தெரிகிறது. அவர் முகம் விழுகிறது. சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்.

நினைக்க இனிப்பாகத்தான் இருந்தது.

அதே சமயம் ஒரு சிறுமி, வாங்கின கப்பைத் திருப்பிக் கொண்டுவந்து நீட்டினாள். "ஆன்ட்டி, இது தண்ணியா இருக்கு."

பெரியவள் வாங்கிப் பார்த்தாள். க்ரீமின் ஓரத்தில் தண்ணீர் விட்டிருந்தது. ஸ்பூனை வைத்தாள். நிற்கவில்லை, மெல்லச் சாய்ந்து கப்பின் விளிம்பில் போய் முட்டியது. இத்தனை வருஷத்தில் தன் கையால் செய்த க்ரீம் இப்படித் தண்ணீர் விட்டுப் பார்த்ததில்லை அவள்.

வேன் யாருடையதாக இருந்தால் என்ன. பெட்டி யாருடையதாக இருந்தால் என்ன. கப்பில் இருப்பது அவளுடையது.

"தள்ளு" என்றாள்.

"என்னக்கா?"

"தள்ளு சொல்றேன். முதல்ல அந்த விளக்கைப் பிடுங்கு. உன் போன் சார்ஜரையும் பிடுங்கு."

சின்னவள் முழித்தாள். ஆனால் பிடுங்கினாள். பெரியவள் பேப்பர் கப் மூட்டையை இழுத்துத் தூரப் போட்டாள். ஃபிரிட்ஜின் முதுகில் கை வைத்தாள்; கொதித்தது. "இது மூச்சு விடறதே இந்தப் பக்கமாத்தான். மூக்கைப் பொத்திவெச்சா எப்படிக் குளிரும்? வண்டியை எடு. பின்பக்கம் நிழலுக்கு வர்ற மாதிரி திருப்பு."

வேன் திரும்பியது. பெரியவள் பேட்டரிப் பெட்டியை இழுத்து, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தாள். சின்னக் கம்பி எட்டியது. மூன்று துளை பிளக்கைப் பிடுங்கி, கம்பியை வட்டத் துளையில் சொருகி, ஏசி பட்டனை அணைத்தாள். அதுவரை இரைந்துகொண்டிருந்த மின்விசிறி அடங்கியது.

"இப்ப நாலுல வை" என்றாள்.

"நாலா? குறைச்சு வெச்சாதானே..."

"மைனஸ்ல வெச்சா மோட்டார் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். க்ரீமும் ஐஸ் கட்டியா உறைஞ்சு பாழாயிடும். நாலு போதும். கரண்டை மிச்சம் பிடிக்கிற அந்த எக்கோ பட்டனையும் அழுத்து."

சின்னவள் அழுத்தினாள். பலகையில் எண் ஒருமுறை மின்னியது. உடனே அணைந்தது. ஃபிரிட்ஜ் செத்துப்போன மாதிரி நின்றது.

பெரியவளுக்குக் குப்பென்று வியர்த்தது. கம்பியைப் பிடுங்கிச் சொருகினாள். மறுபடி மின்னி, மறுபடி அணைந்தது. இது பாடத்தில் இல்லையே. ஷெட்டில் அவர் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்தாள். எங்கேயும் இல்லை.

"அக்கா" என்றாள் சின்னவள் தயங்கி. "அதுல ஹெச், எம், எல்னு மூணு இருக்கு. கார் பேட்டரி இறங்கிடக் கூடாதுன்னு ஃபிரிட்ஜ் தானா நின்னுக்குமாம். ஹெச்-ல வெச்சா வோல்டேஜ் கொஞ்சம் குறைஞ்சாலே நின்னுடும். பேட்டரிப் பெட்டில ஓட்டும்போது எல்-ல வைக்கணும்னு அத்தான் சொன்னாங்க."

"எப்பச் சொன்னார்?"

"அன்னிக்கு ஜன்னல்கிட்ட நீங்க தட்டைக் கீழே போட்டீங்களே. அப்பத்தான்."

சொல்லிவிட்டு அவள் பட்டனில் மும்முரமாகிவிட்டாள். பெரியவளின் முகம் காது வரை சுட்டது. அப்படியானால் இவளுக்குத் தெரியும். ஜன்னலுக்குப் பின்னால் ஒருத்தி நின்றதும் தெரியும், குழாயை மூடியதும் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை காட்டிக்கொள்ளவில்லை. அது நல்ல மனசா, உள்ளுக்குள் சிரிப்பா?

எல் என்று எழுத்து நின்றது. ஃபிரிட்ஜ் மெல்ல உறுமி ஓடத் தொடங்கியது.

"சோலார் தகடு ஒண்ணு குடுத்தாரே, எங்கே?" பெரியவள் குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

"சீட்டுக்குக் கீழே. உறையைக்கூடப் பிரிக்கலை."

"அதை வெயில்ல விரி. பேட்டரி நிழல்லயே இருக்கட்டும், தகடு மட்டும் வெயில்ல. அப்புறம், வாசல் பக்கம் ஐஸ் விக்கிற கடை பார்த்தேன். போய் ஒரு பை வாங்கிட்டு வா. உள்ள காலியா இருக்கிற இடத்துல ஐஸை வெச்சு நிரப்பிடலாம். வெறுங்காத்து நிறைய இருந்தா ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அத்தனையும் வெளியே போயிடும். இனிமே ஒவ்வொண்ணா திறந்து காட்டறது கிடையாது. அந்தத் தெர்மகோல் பெட்டியில கொஞ்சம் எடுத்து வெச்சுக்கிட்டு அதுலேருந்து குடுப்போம்."

சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அத்தான் பேசற மாதிரியே இருக்குக்கா" என்றாள். பிறகு தகட்டை வெயிலில் விரித்துப் பேட்டரிப் பெட்டியோடு இணைத்துவிட்டு, கைக்குட்டையைச் சரிசெய்துகொண்டு ஐஸ் வாங்க ஓடினாள்.

அத்தான் பேசுகிற மாதிரி. அவ்வளவு செய்தும், பெயர் அவருக்குத்தான்.

* * *

பதினொன்று ஒன்பதாயிற்று. ஒன்பது ஏழானது. பேட்டரி இறங்குவதும் மெதுவானது. தகட்டில் வெயில் விழுந்த பிறகு ஏறக்குறைய நின்றேவிட்டது. பெரியவள் தெர்மகோல் பெட்டியிலிருந்து கப்புகளை எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர் விட்டவற்றைத் தனியே ஒதுக்கினாள். அந்தச் சிறுமியைக் கூப்பிட்டு, அடியில் குளிர்ந்து இறுகியிருந்த கப் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஸ்பூன் நின்றது.

இறுதிப் போட்டி தொடங்கி, கூட்டம் மொத்தமும் தண்ணீர்ப் பக்கம் போயிருந்தது. ஐஸ் கடையில் கூட்டமோ என்னவோ, சின்னவள் இன்னும் திரும்பவில்லை; வேனில் பெரியவள் மட்டும்தான். சின்னவள் அவசரத்தில் விட்டுப்போன போன், கப்புகளுக்கு நடுவே அதிர்ந்தது. திரையில் 'அத்தான்' என்று வந்தது.

எடுக்காமலிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். விரல் கேட்கவில்லை.

அவள் ஹலோ சொல்வதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார். பின்னால் கிடங்கு மோட்டார்களின் இரைச்சல். "என்னம்மா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே? பயந்துட்டியா? உள்ள இருந்தேன், கேக்கலை. ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல." எத்தனை மெதுவாக, எத்தனை இதமாக. பிறகு குரலைத் தாழ்த்தினார். "நம்ம விஷயம் எதுவும் உங்க அக்காகிட்ட வாய் தவறிச் சொல்லிடலையே? நான் சொல்ற வரைக்கும் அவளுக்குத் தெரியவே கூடாது. சரியா?"

பெரியவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"என்னம்மா, கேக்குதா? இங்க சிக்னலே இல்லை. சரி, அப்புறம் பேசறேன்."

போன் அடங்கியது. அதை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்தாள்.  ஏரியிலிருந்து ஆரவாரம் எழுந்தது. எந்தப் படகோ ஜெயித்துவிட்டது போலிருக்கிறது.

நம்ம விஷயம்.

பெட்டி வந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் அவளை அரித்ததெல்லாம் வெறும் கற்பனை, தன் புத்திதான் கோணல் என்று இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் நின்றதற்காக, சற்றுமுன் காது சுட வெட்கப்பட்டவள் அவள். இப்போது அந்த வெட்கம் போன இடம் தெரியவில்லை.

"அருமைம்மா, அருமை." செயலாளர் அம்மா காலிக் கப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். விசில் கழுத்தில் ஆடியது. "இந்த வெயில்ல, கரண்டே இல்லாத இடத்துல, இப்படி ஜில்லுன்னு யாரும் குடுத்ததில்லை. நடுவில கொஞ்சம் தடுமாறினீங்க போல. நீங்க வண்டியைத் திருப்பி எல்லாத்தையும் மாத்தி வெச்சதை அங்கிருந்து பாத்தேன். கடை விஷயம் கமிட்டில இன்னிக்கே முடிவு பண்ணிடலாம்னு இருக்கோம். பொறுப்பு யாரு? யார் பேர்ல போடட்டும்?"

ஆர்டர் வந்தது சின்னவளுக்கு. வேன் சின்னவளுடையது. பாழாயிடக் கூடாது என்று கணவர் சொன்னதும் அவளுக்காகத்தான் இருக்க வேண்டும். சொல்ல வேண்டிய பதில் என்ன என்பது பெரியவளுக்கு நன்றாகவே தெரியும்.

"என் பேர்லயே போடுங்க" என்றாள். "செய்யறது நான். பொறுப்பும் நான்தான்."

செயலாளர் அம்மா புருவத்தைத் தூக்கினார். "அப்ப அந்தப் பொண்ணு? எங்ககிட்ட பேசினது அவதானே?"

"அவ எனக்கு உதவிக்கு வந்தவ."

வார்த்தை வெளியே வந்த பிறகுதான், செயலாளர் அம்மாவின் பார்வை தன்னைத் தாண்டி, தன் தோளுக்குப் பின்னால் போவதைக் கவனித்தாள். திரும்பினாள்.

சின்னவள் நின்றிருந்தாள். இரண்டு கைகளாலும் ஐஸ் பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. பையிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் பாதத்தை நனைத்துக்கொண்டிருந்தது. வரும்போது கொண்டுவந்த சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது; கண்ணில் மட்டும் இல்லை.

 ஃபிரிட்ஜ் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"ஐஸை எங்கே வைக்கணும், அக்கா?" என்று கேட்டாள் சின்னவள்.